ஓடையை வற்றவைத்தவன்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. தோட்டச் சங்கத்திடம் வாடகைக்கு எடுத்தது. நாலாம் மாடியில் இருந்த எங்களுக்கு மண் என்றால் அதுதான். மனைவி அதில் மிளகாயும் பயற்றங்காயும் வைத்திருந்தார். வேலியை ஒட்டி ஓர் ஓடை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் அந்த ஓடை வற்றிப் பாலைவனத்து ஆறு மாதிரிக் கிடந்தது. மேலேயுள்ள நிலக்கரிச் சுரங்கம் தண்ணீரை இழுக்கிறது என்றார் சங்கத் தலைவர்; சுரங்கத்துக்கு முறைப்பாட்டுக் கடிதமும் எழுதினார். வெயில்தான் என்றார் செயலாளர். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதையும் விட்டார்கள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடை வற்றியதற்குக் காரணம் நான்தான். வேலிக்குக் கீழால் வாய்க்கால் வெட்டி, ஓடைத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்துப் பழகியவன் நான். ஒருவன் கூடுதலாக இறைத்தால் அடுத்தவனுக்குச் சேறுதான். அந்தக் கணக்கை ஓடைக்கும் போட்டேன்.

சங்கக் கூட்டத்தில் எழும்பினேன்.

"இருங்கோ! உங்களை ஆர் கேட்டது?" மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

என்னிடம் இருந்த ஜெர்மன் கொஞ்சம். "தண்ணீர் நான் எடுத்தது. மன்னிக்கவேணும்," என்றேன்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். வாய்க்கால் ஒரு சாண் அகலம்.

"இதிலை என்ரை பூனையும் குளிக்காது," என்றார் பக்கத்துத் தோட்டத்து அம்மா.

செயலாளர் சிரிக்கவில்லை. ஓடையில் தண்ணீர் எடுப்பது விதிக்கு மாறு, தோட்டத்தைப் பறிக்கலாம் என்றார். அதுவரை என்னில் ஒருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

"இப்ப சந்தோசமோ?" என்றார் மனைவி. "மிளகாய் பழுக்கிற நேரம்."

தலைவர்தான் காப்பாற்றினார். என்னில் உள்ள அன்பால் இல்லை.

"இவரின்ரை தோட்டத்தைப் பறிச்சால், இவர்தான் வற்றவைச்சவர் எண்டு நாங்களே சொன்ன மாதிரி. சுரங்கத்துக்கு எழுதின கடிதத்தை என்ன செய்யிறது?"

செயலாளர் யோசித்தார். நான் காரணம் என்றால் அவருடைய வெயிலும் போய்விடும். அவரும் கையைத் தூக்கினார்.

தோட்டம் தப்பியது. ஓர் ஓடையை வற்றவைக்கிற அளவுக்கு நான் ஆளில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம். கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

மறுநாள் வாய்க்காலை மூடினேன். தலைவர் பக்கத்தில் நின்று மண்ணை மிதித்து இறுக்கினார்.

"வடிவா மூடுங்கோ," என்றார். "சுரங்கக்காரர் பாக்க வருவினம்."