காய்க்காத நான்கு மரங்கள்

வண்டியில் ஏறியவர் கதவைச் சாத்துவதற்குள் யதுல்லா அவர் உள்ளங்கையில் ஒரு பிடி பிஸ்தாவைக் கொட்டிவிடுவார். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ள முடியாது. "தின்னுங்க ஐயா. இவ்வளவு தூரம் பஸ்ல தூசி தின்னுட்டு வந்தீங்கல்ல, இதையும் தின்னுங்க" என்பார். கொட்டியதில் வேண்டுமென்றே வாய் திறக்காத ஒன்றிரண்டு இருக்கும். விருந்தாளி அதைக் கடவாயில் வைத்துத் திணறுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "திறந்திருந்தா அது சிரிக்கிற பிஸ்தா. மூடியிருந்தா ஊமை. ஊமைகிட்ட பல்லைக் காட்டாதீங்க, இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, சாவி முனையால் நெம்பித் திறந்து தருவார். இருபது வருஷமாக இதே வேடிக்கைதான். முதல் தடவை சிரிப்பவர் போல அவரும் கூடச் சிரிப்பார்.

வண்டி பழைய வெள்ளை பேக்கான் கார். நான்கு கதவுக்கும் சேர்த்துக் கண்ணாடி இறக்கும் கைப்பிடி ஒன்றே ஒன்று. யாருக்கு வேர்க்கிறதோ அவருக்குக் கழற்றிக் கொடுப்பார், இறக்கியதும் மறக்காமல் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அறுபத்து மூன்று வயது. மீசை மட்டும் இன்னும் கறுப்பு. அதற்குக் காரணம் பிஸ்தா என்று விருந்தாளிகளிடம் சொல்வார். காரணம் மாதம் ஒருமுறை மருந்துக்கடையிலிருந்து டப்பாவில் வருகிறது என்பது அவர் மனைவி பில்கீஸுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அறுவடை மாதத்தில் எங்கள் ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். சுற்றிலும் உப்புப் பாலை, நடுவில் பச்சையாக ஒரு ஊர். படம் எடுத்துக்கொள்ள வேண்டும், மரத்தடியில் நின்று ஈரப் பிஸ்தாவின் இளஞ்சிவப்புத் தோலை உரித்துத் தின்ன வேண்டும். யதுல்லா அவர்களைத் தன் தோட்டத்துக்கே அழைத்துப் போவார். ஆனால் நேர்வழியில் போகமாட்டார். செங்கல் சூளையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் அதிகம் ஓட்டுவார். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் ரோடு சரியில்ல" என்பார். போன வருஷம்தான் அந்த ரோட்டுக்குத் தார் போட்டார்கள்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு" என்பாள் பில்கீஸ். "உங்க கழுத்துதான் அந்தப் பக்கம் திரும்பாது."

அந்தப் பக்கம் இருப்பது கொத்ரத்தின் தோட்டம். மஷ்ஹத்துக்குப் புனிதப் பயணம் போய் வந்தவர் என்பதால் ஊருக்கே அவர் மஷ்தி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு மண்மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் யதுல்லாவின் மரங்கள் பச்சையாக நிற்கின்றன. அந்தப் பக்கம் எலும்புக்கூடுகள்.

பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம். ஆண் மரம் வசந்தத்தில் பத்து நாள் தன் பூந்தூளைக் காற்றில் விட்டுவிட்டு, மீதி வருஷமெல்லாம் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி சும்மா நின்று தண்ணீர் குடிக்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் பொதுக்கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போனது. இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை வரும் முறைத்தண்ணீரில் மஷ்திக்கு ஆறு மணி நேரம், யதுல்லாவுக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கில் கடைசி வரிசை வரை ஈரம் எட்டவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு விடிகாலை, பக்கத்துத் தோட்டத்துக்கு யாரும் வருவதற்கு முன், யதுல்லா ரம்பத்தை எடுத்துப் போய், தோட்டத்தின் நடுவில் நின்ற தன் நான்கு ஆண் மரங்களையும் அறுத்துப் போட்டார். காற்றுக்கு மதில் உண்டா என்ன? மஷ்தியின் ஆண் மரங்கள் விடும் தூள் மதில் தாண்டி வரும், அது போதும் என்று கணக்குப் போட்டார். கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அடிக்கட்டைகளை எருவால் மூடிவிட்டார்.

எட்டாம் நாள், மதிலில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்டது. தலை தூக்கிப் பார்த்தார். மஷ்தியின் உயரமான ஆண் மரத்தின் நுனி நடுங்கியது, சாய்ந்தது, மதிலுக்குக் கீழே மறைந்தது. அவர் என்ன நினைத்து அறுக்கிறார் என்பது யதுல்லாவுக்கு அந்த நொடியே புரிந்தது. தான் நினைத்ததையேதான். எழுந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். "மஷ்தி, நிறுத்துங்க, என்னோடத நான் வெட்டிட்டேன்." ஐந்தே சொல். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் காற்றைக் கேட்காமல் நம்பிய வெட்கத்தையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்து இரண்டாவது தேநீரையும் குடித்தார். சாயங்காலம் வரை ரம்பம் ஓடியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். யதுல்லா வாயைத் திறக்காமல் கெட்டார்.

மதிலுக்கு இரண்டு பக்கமும் காற்று சுழலும், ஆனால் அது வருவது மேற்கிலிருந்து. மேற்கே அந்த இரண்டு தோட்டங்களைத் தாண்டினால் பாலைதான், வேறு மரமில்லை. தூள் படாவிட்டாலும் பிஸ்தாவுக்கு ஓடு வளரும், பருப்புதான் வராது. அதனால் கோடை முழுக்கக் கொத்துக் கொத்தாகத் தொங்கி ஏமாற்றியது. அறுவடையில் தொட்டித் தண்ணீரில் கொட்டியதும் அத்தனையும் மிதந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அன்று மாலை மஷ்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு யதுல்லாவின் வாசலில் வந்து நின்றார். அப்போதே அவருக்குக் கண்ணில் புரை, மதிலுக்கு அப்பால் எது நிற்கிறது, எது இல்லை என்று தெரியாது.

"யதுல்லா, உன் வயித்துல அடிச்சுட்டேன். உன்கிட்ட நாலு இருக்குங்கிற தைரியத்துல என்னோட ஆண் மரத்தையெல்லாம் வெட்டிட்டேன். உன் நாலு மரத்துத் தூள் ரெண்டு தோட்டத்துக்கும் பத்தல. என்னால உனக்கும் போச்சு."

"விடுங்க மஷ்தி" என்றார் யதுல்லா. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னித்துவிட்டார்.

மஷ்தி அத்தோடு விடவில்லை. தன் ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தை இனி யதுல்லா எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எதையும் மூன்று முறை மறுப்பது எங்கள் ஊர் மரியாதை. யதுல்லா மூன்று முறை மறுத்தார். மஷ்தி நான்காம் முறையும் சொன்னார்.

யதுல்லா அவசரமாகப் பெண் மரம் சிலவற்றில் ஆண் கிளைகளை ஒட்டுக் கட்டினார். ஒட்டு வளரும் வரை மச்சான் தோட்டத்திலிருந்து தூள் வாங்கி வந்து மாவுப்பையில் கட்டிப் பூக்கள் மேல் உதறினார். தோட்டம் பிழைத்தது. மஷ்தியும் தூள் உதறினார். ஆனால் நான்கு மணி நேரத் தண்ணீர் அவ்வளவு பெரிய தோட்டத்துக்குப் போதவில்லை. முதலில் ஓரத்து வரிசை போனது, பிறகு நடு வரிசை. ஏழு வருஷத்தில் எல்லாம் காய்ந்துபோக, மஷ்தி மகனோடு இருக்கத் துறைமுக ஊரான பந்தர் அப்பாஸுக்குப் போய்விட்டார். போகும்போதும் தண்ணீரைத் திரும்பக் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்துதான் யதுல்லாவுக்கு அந்த ரோடு சரியில்லாமல் போனது.

இந்த அறுவடையில் ஒரு மதியம், பஸ்ஸிலிருந்து இறங்கிய கிழவர் ஒருவர் தடவித் தடவி வந்து பேக்கானில் ஏறினார். யதுல்லா வழக்கம்போல் "தின்னுங்க ஐயா" என்று பின்னால் திரும்பி அவர் கையில் பிஸ்தாவைக் கொட்டிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் மஷ்தியின் கண்கள்.

"உன் குரல் மாறவே இல்ல" என்றார் மஷ்தி. "நிலத்தை வித்தாச்சு. நாளைக்கு மரத்தைப் பிடுங்க ஆளு வராங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். இனிமே இந்தப் பக்கம் எனக்கென்ன வேலை."

யதுல்லா அன்று சூளையைச் சுற்றவில்லை. தார் ரோடு வழவழவென்று இருந்தது. மஷ்தி கைப்பிடி கேட்டு வாங்கி, கண்ணாடியை இறக்கி, காய்ந்த மரங்களைப் பார்த்தார். இறங்கவில்லை.

"போதும்" என்றார். "உன் தோட்டத்துக்கு ஓட்டு. அதுவாவது பச்சையா இருக்கான்னு பாக்கணும். ராத்திரியில படுத்தா அந்த வருஷம்தான் ஞாபகம் வருது. கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தவன் வயித்துல அடிச்சேனே."

இதைக் கேட்ட யதுல்லா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். முதல் கியரிலேயே ஊர்ந்து தோட்ட வாசல் வரை கொண்டு வந்தார். பில்கீஸ் தேநீர் தட்டோடு வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தட்டை வரப்பில் வைத்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

"எல்லாம் நல்லா வெச்சிருக்க" என்று இலைகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார் மஷ்தி.

"இந்தப் பக்கம் வாங்க" என்றார் யதுல்லா. கையைப் பிடித்து நடுவரிசைக்கு அழைத்துப் போனார். மண்டியிட்டு, பத்து வருஷமாக மேலே மேலே போட்டு வந்த எருவை இரண்டு கையாலும் விலக்கினார். பிறகு மஷ்தியின் கையை எடுத்து அங்கே வைத்தார்.

மஷ்தி குனிந்து உட்கார்ந்தார். உள்ளங்கையால் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தைத் தடவினார். ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆண் மரமா?"

"ஆமா மஷ்தி. நாலும்."

"எப்ப வெட்டின?"

"உங்களுக்கு எட்டு நாள் முன்னாடி."

மஷ்தியின் கை கட்டை மேலேயே இருந்தது.

"என் ரம்பச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

யதுல்லா கையில் ஒட்டியிருந்த எருவைத் துடைத்தார். "கேட்டுச்சு."

வாய்க்காலில் முறைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மணி நேரம் யாருடையது என்று இருவருக்கும் தெரியும். மஷ்தி மதில் பக்கம் ஒருமுறை திரும்பினார். தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார். யதுல்லா ஏதோ ஒரு சொல்லுக்காக, அது வசையாக இருந்தாலும் சரி என்று, தலையைக் குனிந்தபடி காத்திருந்தார்.

மஷ்தி விலகிக் கிடந்த எருவை இரண்டு கையாலும் அள்ளி, அடிக்கட்டை மறையும் வரை திரும்ப மூடி, மேலே மெதுவாகத் தட்டிவிட்டார்.