ஐந்தாவது கிணற்றுத் தண்ணீர்

எங்கள் தெருவில் ஒருவரும் என் தங்கைக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். ஜும்ஆ முடிந்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சத்தமாகவே சொன்னார். எனக்கு வந்த சோதனையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அல்லாஹ் செய்த உதவியை மூடி வைப்பது நன்றி கெட்ட வேலை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

நின்ற பிறகு ஊர் ஊராகத் திரிந்தேன். கரும்புத் தோட்டம், பொத்துவிலில் கரைவலை, குருநாகல் லொறி. ஓரிடத்தில் நாள் கூடினால் எனக்குக் கால் ஊறும். பட்டினி கிடந்திருக்கிறேன். காய்ச்சலோடு கடை வாசலில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் நடக்கிறதுதான். எண்பதுகளின் நடுவில் மருதமுனைக்குத் திரும்பி, ஹாஜியாரின் சாயப்பட்டறையில் நூல் அவிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காரத் தண்ணீர் என் விரல் நகங்களைத் தின்றது.

தங்கை ஹிதாயா என்னைப் போல இல்லை. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பட்டம் முடித்து, முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நெசவு ஊர்களில் சாயக் கழிவு கிணற்றுத் தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாரிகாலத் தண்ணீரைப் பார்த்து முடித்துவிட்டாள். கோடைத் தண்ணீர் மட்டும் பாக்கி. சண்டையால் பாதை கெட்டுக் கிடந்த காலம் என்பதால் உம்மா அவளை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டா. போத்தல்களை என்னிடம் அனுப்பினாள். தண்ணீரைச் சோதிக்கும் மெஷின் நோன்பு மாதத்தில் ஒரு வாரம்தான் அவளுக்குக் கிடைக்கும். அது தவறினால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

ஹாஜியாருக்கு இதில் இரண்டு கோபம். பட்டறையின் பெயர் கெட்டுவிடும் என்பது ஒன்று. மற்றது ஒழு, தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவுகிற சுத்தம். அதைத்தான் அன்று முற்றத்தில் கத்தினார்.

"சாயத்தால தண்ணிட நிறம் மாறினா ஒழு கூடாது. அப்ப நாம இவ்வளவு காலமும் தொழுத தொழுக என்ன? ஒரு பொம்பிளப் புள்ள கண்டியில இருந்து போத்தல அனுப்பி நம்மட ஒழுவ அளக்கிறாளா?"

"சோறு காச்சத் தெரியுமா அவளுக்கு? தண்ணி காச்சுறாளாம்!" என்றான் ஒருத்தன். சிரிப்புச் சத்தம் பள்ளிக்குள்ளே கேட்டது.

நான் பதிலுக்குக் கத்தினேன். வேலை போனது. மறுநாள் எங்கள் வீட்டுப் படலை வாசலில் யாரோ சாயக் கழிவை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கடையில் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

ஆனால் எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அவள் வீட்டில் வந்து குடியிருக்கிறவர். தடை போட்டது ஆண்கள், கிணறுகள் பெண்களுடையவை. எங்கள் தெருவில் ஐந்து கிணறுகள். ஆண்கள் பட்டறைக்கும் கடலுக்கும் போன நேரம் பின்வேலிப் பக்கம் போனேன். நான்கு வீட்டுப் பெண்களும் "கெதியா எடுத்துக்கிட்டுப் போ" என்றார்கள். ஐந்தாவது கிணறு ஹாஜியார் குடியிருந்த வீட்டில். பட்டறைக்கு மிகக் கிட்ட இருப்பது அந்தக் கிணறுதான். அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வீண் என்று ஹிதாயா சொல்லியிருந்தாள்.

அதுவரை நான் அல்லாஹ்விடம் எதையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. அன்று விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டுக் கேட்டேன். "யா அல்லாஹ், இந்தத் தண்ணிய அவள்ட கையில சேர்த்து வை." அவ்வளவுதான். அழகாகக் கேட்க எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, ஹாஜியாரின் மனைவி ஆமினா ராத்தா பின்வேலியில் நின்று கூப்பிட்டா.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த கிணறு. வாளியப் போடு. மனிசன்ட காதுக்கு மட்டும் போகப்படா. தலாக் வரைக்கும் கதைப்பார்."

"என்ட வாயால வராது ராத்தா" என்றேன்.

ஒரு கிணற்றுக்கு இரண்டு போத்தல். நிறம் பார்க்கிறதுக்கு ஒன்று, வெறும் தண்ணீர். அதன் கழுத்தில் வெள்ளை நூல் கட்டினேன். மற்றதில் தங்கை கொடுத்த அசிட் சில துளி விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் உள்ள உலோகம் போத்தலில் ஒட்டிவிடுமாம். அதற்குச் சிவப்பு நூல். பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டு கண்டிக்குப் போகிற பகல் பஸ்ஸில் ஏறினேன். நோன்பு பிடித்திருந்தேன். முன் சீட்டில் ஹாஜியார். விற்கிறதுக்குச் சாரன் துணிக் கட்டு ஒன்றைக் கொண்டு போகிறார். என்னைக் கண்டதும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்பாறை தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். பெட்டியைத் திறந்த சிப்பாய் கத்தினான். அடுத்த நிமிடம் நான் முழங்காலில் இருந்தேன், பிடரியில் துப்பாக்கி.

எனக்குச் சிங்களம் தெரியும். கிணற்றுத் தண்ணீர் என்றேன். அதிகாரி ஒரு சிவப்பு நூல் போத்தலைத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். புளிக்கிறது. எந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் புளிக்கும்?

"வதுர நம் பீபங்!" என்றார். தண்ணீர் என்றால் குடி.

"நோன்பு, சேர்."

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அது அசிட் என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. குண்டு செய்கிற சாமான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எந்த எந்த வீட்டுக் கிணறு, சொல், ஆள் அனுப்பி விசாரிக்கிறோம் என்றார்கள். நான்கு வீட்டைச் சொன்னேன். ஐந்தாவது சோடிப் போத்தலைத் தூக்கிக் காட்டி, இது எங்கே என்றார்கள்.

ஹாஜியார் என் பின்னால் வரிசையில் நிற்கிறார். ஆமினா ராத்தாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். துப்பாக்கிக் கட்டையால் முதுகில் விழுந்தது. பக்கத்தில் லொறி ஒன்று நின்றது. அந்த மாதிரி லொறியில் ஏற்றப்பட்ட எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை.

மண்ணைப் பார்த்தபடி மனதுக்குள் கேட்டேன். "யா அல்லாஹ், என்னைத் தெரிஞ்ச ஒரு நல்ல மனிசன அனுப்பு."

பின்னால் செருப்புச் சத்தம். ஹாஜியார்.

"நம்மட தெருவுல அஞ்சு கிணறு. நாலச் செல்லிட்டான்" என்று என் தலைக்கு மேலே தமிழில் சொன்னார். குரலில் கொஞ்சமும் ஈரம் இல்லை. பிறகு அதிகாரியிடம் உடைந்த சிங்களத்தில் சொன்னார்: "அது என்ட ஊட்டுக் கிணத்துத் தண்ணி."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியென்றால் நீ குடி."

"எனக்கும் நோன்பு. ஆனா அஸர் தொழுற நேரம் வந்திட்டு. இந்தாப் பாருங்க."

சிவப்பு நூல் போத்தலை வாங்கினார். "ஹாஜியார், அது வாணாம், கண்ணுக்குப் படும்" என்று கத்தினேன்.

"வாயப் பொத்து. சாயப்பட்டறைக்காரனுக்கு அசிட் படிப்பிக்க வாறியா?"

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்து, கையை அதிகாரியின் மூக்குக்குக் கிட்ட நீட்டினார். வெந்து போகவில்லை, வெடிக்கவும் இல்லை. பிறகு வெள்ளை நூல் போத்தலைத் திறந்து, தெருவோரத்தில் குந்தி ஒழுச் செய்தார். முகம், கை, தலை, கால். அவசரமே படவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசிச் சொட்டுவரை முடித்துவிட்டு, சாரன் கட்டிலிருந்து ஒரு துண்டை உருவி விரித்து, துப்பாக்கிகளுக்கு நடுவில் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பும்போது அதிகாரி பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் நின்று, "ஹாஜியார், அல்லாஹ் உங்களுக்கு…" என்று தொடங்கினேன்.

"உனக்காகச் செய்யல்ல. நம்மட கிணத்துத் தண்ணியக் குண்டு எண்டு ஒருத்தனும் செல்லப்படா. போ, அங்கால போய் நில்லு." பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆமினாதான் தந்தாளா?"

நான் குனிந்து பெட்டியில் வைக்கோலைச் சரிசெய்தேன்.

"அவள்ட கிணறு. குடுத்தா குடுத்ததுதான்" என்றார்.

உலோகம் பார்க்கிற போத்தல்கள் நேரத்துக்கு மெஷினுக்குப் போயின. ஐந்தாவது கிணற்றின் வெள்ளை நூல் போத்தல் மட்டும் வெறுமையாக இருந்தது. ஹிதாயா அதைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "காக்கா, எல்லாத்திலும் முக்கியமான தண்ணியில போய் ஒழுச் செஞ்சிருக்காரே" என்று அழுதாள், பிறகு சிரித்தாள். என் முதுகைப் பார்த்து மறுபடி அழுதாள். நல்ல காலம், நிறம் பார்க்க இன்னும் நாள் இருந்தது.

பெருநாளுக்கு முன்னால் ஹாஜியார் திரும்பவும் சாரன் கொண்டு கண்டிக்கு வந்தார். ஊரில் வேலை இல்லாததால் நான் தங்கிவிட்டிருந்த கடை வாசலில் நின்று, மடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். கழுத்தில் வெள்ளை நூல்.

"அவள் தந்தனுப்பினா" என்றார். ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ஹிதாயா பட்டத்தை முடித்தாள், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுத்தான் இருந்தது. முடிவு தெரிந்தபோது ஹாஜியார் ஊர் முழுக்கக் கத்தினார். கத்திக்கொண்டே பட்டறைக் கழிவை ஊருக்கு வெளியே கொண்டுபோக வாய்க்கால் வெட்டினார். என்னோடு கடைசிவரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நான் இன்னும் திரிகிறவன்தான். ஆனால் அந்தச் சாவடிக்குப் பிறகு எந்த ஊரில் கிடந்தாலும் அஸரை விட்டதில்லை. தண்ணீரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் தெருவோரத்தில் குந்தியிருந்தது கண்ணுக்கு வரும்.

சகோதரர்களே, கஷ்டத்தில் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் ஒரு நல்ல மனிதரைக் கேட்டேன். என் பின்னால் நின்ற அந்த வரிசையில் நான் நினைக்காத ஒரே ஆளை அவன் அனுப்பினான். ஹாஜியார் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் வருசங்கள் ஆகின்றன. இதை வாசித்து முடித்ததும் அவருக்காக ஒரு துஆ கேளுங்கள். எனக்காகச் செய்யவில்லை என்று அவர் அங்கேயும் சொல்லிக்கொண்டிருப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.