ஆள் இருக்குதுங்க

வடகரப்பதியில் காளிச்சாமி மகன் கௌசிக்கைப் பற்றி விசாரித்தால், "கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதறான், பேச்சுத்தான் வராது" என்பார்கள். தென்னந்தோப்பு மோட்டார் ரூமை ஒட்டிய அறைதான் அவன் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து அவன் பார்த்துக்கொள்வது ஒரு லைப்ரரி. மற்றவர்கள் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு. ஓர் இடத்தில் கிளம்பும் செய்தியை, அதற்காகக் காத்திருக்கும் இன்னொரு நிரலிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை.

போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலக்காய்த் தோட்ட ஆபீசில் ஜின்சி அதைப் பயன்படுத்தி வந்தாள். காய் மூட்டை ஏற்றிய ஜீப் கேட்டுக்குள் நுழைந்ததும் எடைமேடைக்குச் செய்தி போகவேண்டும். ஒருநாள் போகவில்லை. போன் செய்தாள்.

"காலைலருந்து எடைமேடை ஊமையா கெடக்கு. ஒங்க லைப்ரரிக்கு என்ன வந்துச்சு?"

தேடிப் பார்த்தான். ஸ்டோரில் புதிதாக வைத்த கம்ப்யூட்டரும் எடைமேடையின் 'தராசு' என்ற அதே பெயரில் பதிவாகியிருந்தது. ஒரே பெயரில் இரண்டாவது நிரல் வந்தால் லைப்ரரி முதலாவதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. கழற்றிவிட்டது தெரியாமல் பழையது காத்துக்கொண்டே கிடக்கும். அந்த வரிகளை எழுதியவன் கௌசிக்தான். கண்டதை அவளிடம் சொன்னான்.

"வாயத் தொறந்து சொல்ல வேணாமா? எழுதுன ஆளு மாதிரியேல்ல இருக்கு" என்றாள் ஜின்சி.

"சரி பண்ணிடறனுங்க."

ஸ்டோர் கம்ப்யூட்டருக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னதில் தோட்டத்து வேலை நிற்கவில்லை. லைப்ரரியைத் திருத்துவது அரைநாள் வேலை. அவன் அதை இழுத்தான். தினமும் அவள் கேட்பாள், "முடிஞ்சுதா?" அப்படியே, மஞ்சுப்பனி மூடி கேட்டே தெரியவில்லை என்பாள், அம்மா இருதயம்மாளோடு போட்ட சண்டையைச் சொல்வாள். இவன் "ம்" கொட்டுவான். திருத்தி முடித்துவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

இழுக்கவும் ஓர் அளவு உண்டே. இரண்டாவதாக வருவதைப் பிழை சொல்லித் திருப்பியனுப்பும்படி மாற்றினான். பிழைச் செய்திக்கு, கோயமுத்தூர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடித்தவர்கள் சொல்வதையே இப்போதைக்கு எழுதி, சோதித்துப் பார்க்க அனுப்பினான்.

சாயங்காலம் கூப்பிட்டாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"பாத்தேன். 'ஆள் இருக்குதுங்க'ன்னு வருது."

"ஆமாங்க."

"ஓ. யாரு, ஒங்க ஊர்க்காரப் பொண்ணா?"

அவனுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. "ஐயோ, அது பஸ்ஸுல சொல்றதுங்க! சீட்டுக்கு ஆள் இருக்குதுன்னு."

ஜின்சி வெடித்துச் சிரித்தாள். "நல்லா எழுதுனீங்க போங்க! மொதல்ல மாத்துங்க. ஆபீஸ்ல பாத்தா என்னையப் போட்டு ஓட்டிருவாக."

மனசில் இருப்பதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவனோ, "மாத்திடறனுங்க" என்றான்.

'இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று மாற்றினான். சரியாகிவிட்டது, நன்றி என்று பதில் வந்தது. அதன்பின் போன் வரவில்லை. மோட்டார் இரைச்சலில் கேட்காமல் போய்விடுமோ என்று அறைக்கதவைச் சாத்திவைத்தான். அப்படியும் வரவில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"என்ன, மறுபடி ஏதும் கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, எல்லாம் ஓடுது."

"பொறவு?"

"எனக்கு ஆள் இல்லீங்க. அன்னிக்கு அதச் சொல்லாம உட்டுட்டன்."

அந்தப் பக்கம் யாரோ மூட்டையைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"எடை போட நிக்காக" என்றாள் ஜின்சி. "வச்சிராதீங்க. லைன்லயே இருங்க."