மஞ்சள் கட்டு

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், குருணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். ஆயா என்றால் காயம் கழுவுவது, கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது, டிரஸ்ஸர் ஐயாவிடம் திட்டு வாங்குவது எல்லாம் சேர்ந்ததுதான். எங்களுக்கு டாக்டர் என்று இருந்ததே அவர் ஒருவர்தான். மருந்து கேட்டு அலோர் ஸ்டாருக்கு அலைவார். வெறுங்கையோடு திரும்பி வந்த கோபத்தை எங்கள் மேல் காட்டுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை; பாத்திரத்தை நங்கென்று வைத்துப் பதில் சொல்லிவிடுவேன்.

மருந்து இல்லாவிட்டாலும் உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவிச் சமாளித்தோம். கட்டுத் துணிக்குத்தான் பெரிய திண்டாட்டம். கடைகளில் துணியே கிடையாது. லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை கேட்பேன். சாயச் சேலையை வேகவைத்தால் சாயம் இறங்கும், புண் எரியும். வெள்ளைத் துணிதான் நல்லது. அது ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சிய அக்காவிடம் இருந்தது. புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவர். இருந்த இரண்டு வெள்ளைச் சேலையில் ஒன்றைச் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார்.

கிழங்கு நடக் காடு வெட்டப் போன ஒரு பெண் அப்போதுதான் காலில் புண்ணோடு வந்தாள். இன்னும் சில நாள் விட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்றார் டிரஸ்ஸர் ஐயா. நான் வெள்ளைத் துணியை எடுத்ததும் அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவள் புருஷனைச் சயாமுக்குத் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் உயிரோடு வரவேண்டும், தாலி அறுத்தவள் சேலை தன் உடம்பில் படக்கூடாது என்றாள். அக்கா கஞ்சிப் பானையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் வரும்போது ஒற்றைக் காலில் நின்று வரவேற்கப் போகிறாயா என்று கத்தினேன்.

அக்காதான் என்னை அடக்கினார்.

“எம் புருஷன பாம்புதான் லா கடிச்சிச்சு, சேல கடிக்கல. சரி, மஞ்சள்ல முக்கிட்டா வெள்ள போயிடும்ல? அப்ப கட்டிக்கிறியா தங்கச்சி?”

அவள் புண்ணைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அக்காவே மஞ்சள் அரைத்தார். வேகவைத்த துணியை அதில் முக்கி வெயிலில் காயப்போட்டோம். கொடியைப் பார்த்த டிரஸ்ஸர் ஐயா, சீழ்த் துணியைத் துவைக்காமல் தொங்கவிட்டிருக்கிறோம் என்று நினைத்துத் தாம்தூம் என்று குதித்தார். விஷயம் தெரிந்ததும், மஞ்சள் புண்ணுக்கு நல்லதுதான் என்று முனகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் மூன்று பெண்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் இடையிடையே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். குழம்புக்குத் தொடுவது வேறு. கை முழுக்க மஞ்சளாக நின்றது புருஷன் போன பிறகு அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

புண் ஆறியது, கால் பிழைத்தது. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு அவள் புருஷனும் இரண்டு காலிலும் புண்ணோடு வந்து சேர்ந்தான். அவனைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். அதற்குள் எங்களுக்குப் புதுக் கட்டுத் துணி வந்திருந்தது. நான் ஒன்றைப் பெருமையாகப் பிரித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

“அக்கா, இதையும் ஒங்க கையால மஞ்சள்ல முக்கிக் கொடுங்க.”

அக்கா கரண்டியை வைத்துவிட்டு அம்மியைக் கழுவப் போனார்.