தறியை நிறுத்துற மரியாதை

எங்க முதலாளி அகமது கபீர் பாயைப் பத்திச் சொல்லணும்னா, முதல்ல அவரு பழக்கத்தைச் சொல்லணும். யாரு வந்தாலும் தறியை நிறுத்திருவாரு. ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி நெய்யுற எங்க தெருவுக்கே அந்தப் பழக்கம் உண்டு. தறி ஓடுனா பக்கத்துல நிக்கிறவன் பேசுறது கேக்காது. அதனால வந்தவுகளுக்குத் தறியை நிறுத்துறதுதான் மரியாதை. பாய் அதுல ஒரு படி மேல. ஜரீனா அக்கா மத்தியானம் சோறு கொண்டாந்தா, எல்லாத் தறியையும் நிறுத்தி, என்ன கொழம்புன்னு பொண்டாட்டிகிட்ட கேட்டு, பதிலையும் கேட்டுட்டுத்தான் கை கழுவுவாரு. மீட்டருக்குக் கூலி வாங்குற எங்களுக்கு எரிச்சலா வரும். ஆனா அந்த மனுசனைத் திட்ட மனசு வராது.

நான் செல்லத்தாய். சோழபுரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து அவருகிட்ட தறி ஓட்டுறவ.

நாங்க நெய்யுற துணி அப்படியே வெளியூர் கம்பெனிக்குப் போகும். அங்க வெளுத்து, கிருமி போக்கி, பாக்கெட் போட்டு, அவுக பேரை ஒட்டி விப்பாக. சிறுதொழில் வளரணும், வெளிச்சரக்கோட போட்டி போடணும்னு அரசாங்கம், இந்த வேலைக்கெல்லாம் பொது மையம் கட்டித் தரப்போறதாச் சொல்லுச்சு. எங்க தெருவும் மனுக் குடுத்துச்சு. பாய்க்கு அதுல இன்னொரு ஆசை. மக அஸ்ஃபியா கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் முடிச்சிட்டு, ஓசூர்ல இதே கிருமி போக்குற மிசின்லதான் வேலை பாக்கா. மையம் வந்தா இங்கனயே வந்துரலாம்.

"என் காது போய்க்கிட்டிருக்கு செல்லத்தாயி. முழுசா அடைக்கிறதுக்குள்ள எம்புள்ள பேசுறதை வீட்டுல உக்காந்து கேக்கணும்"னாரு ஒருநாள். தறிச் சத்தத்துலயே கெடந்த காது.

தெருவைப் பாத்துட்டுப் போக ஒரு ஆபீசரம்மா வந்தாக. காரு முனை திரும்புனதுதான் தாமதம், அம்புட்டுப் பட்டறையிலயும் தறி நின்னு போச்சு. மரியாதையாம்! பாய் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பால்கோவா வேற வாங்கியாந்து வச்சிருந்தாரு. அந்தம்மா ஒவ்வொரு பட்டறையா நுழைஞ்சு பாத்துட்டு, பால்கோவாவைக் கொஞ்சம் வாயில வச்சுட்டுக் கெளம்பிட்டாக. கார்க் கதவைத் திறக்கையில கூட வந்தவர்கிட்ட மெல்லச் சொன்னாக.

"ஒரு தறிகூட ஓடலையே சார். ஓடாத தறிக்கு மையம் எதுக்குன்னு மேல கேப்பாங்க."

பாய் வாசல்ல சிரிச்ச முகமா வழியனுப்பிக்கிட்டு நிக்காரு. கூறுகெட்ட மரியாதைன்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே உள்ள ஓடி எல்லாத் தறியையும் போட்டு விட்டேன். திரும்ப வெளிய வந்து, எதுத்த பட்டறை மாரிக்கனியைப் பாத்து, ஏட்டி தறியைப் போடுன்னு கத்துனேன். அவ போட்டா. அடுத்த பட்டறையும் போட்டுச்சு. கொஞ்சத்துல தெருவே அதிர்ந்துச்சு. தெருமுனைக்குப் போன காரு நின்னு, ஆபீசரம்மா இறங்கி வந்தாக.

அவுகளைக் கண்டதும் பாய் என்ன செஞ்சாரு தெரியுமா? மறுபடி சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போறாரு! முதலாளியாவது ஒண்ணாவது, அந்தக் கையில ஒரு அடி போட்டேன். அந்தம்மா காதைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக. தறி ஏன் நின்னுச்சுன்னு அவுக காதுல வாயை வச்சுக் கத்திச் சொன்னேன்.

ஆடி முடிஞ்சு மையத்துக்கு உத்தரவு வந்துச்சு. சேதி வந்த நிமிசமே பட்டறையில நின்னுக்கிட்டு மகளுக்குப் போன் போட்டாரு பாய். சேதியைச் சொல்லிட்டு, வாரியான்னு கேட்டாரு. அவ சொன்ன பதில் அவருக்குக் கேக்கல. எங்க தறியை நிறுத்துனேன். அக்கம்பக்கத்துச் சத்தத்துல அப்பவும் கேக்கல. பாவமா முழிச்சாரு. நான் வாசலுக்குப் போய் மாரிக்கனிக்குக் கை காட்டுனேன். அவ நிறுத்துனா. அடுத்த பட்டறையும் நிறுத்துச்சு. தெருவே அடங்கிப் போச்சு.

பாய் போனைக் காதோட அழுத்துனாரு. "இப்பச் சொல்லும்மா."

"வாரேன் அத்தா."

அந்த அமைதியில வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு. அவருக்கும் கேட்டுருச்சு, கண்ணுல தண்ணி நிக்குது. ஆனாலும் இன்னொருக்கா சொல்லும்மான்னு கேட்டாரு.

யாரும் தறியைப் போடல.