ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ்

"வூட்டுல ஆம்பளைங்க யாரும் இருக்காங்களா?" கதவு திறந்ததும் வெற்றிச்செல்வி கேட்கும் முதல் கேள்வி இது. இல்லை என்றால் உள்ளே போய்விடுவார். இருந்தால், "ஆதார் கார்டு ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் வேணுமேங்க" என்பார். வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை தேடிப் போவார். அந்த ஜெராக்ஸ் எந்த ஆபீஸுக்கும் தேவையில்லை. வெற்றிச்செல்விக்குத் தேவை அந்த முக்கால் மணி நேரம்தான்.

நாற்பத்தாறு வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய், பெண்கள் தாங்களே பரிசோதனை எடுத்துக்கொள்ள ஒரு சின்னக் குச்சியைக் கொடுத்து, திரும்ப வாங்கி அனுப்ப வேண்டும். ஆராய்ச்சி எங்கோ பெரிய நகரத்தில் நடக்கிறது. அவர்களுடைய அறிக்கைகளில் நமக்குப் பெயர் 'குறைந்த வளப் பகுதி'. வளம் குறைவுதான் என்றாலும், கேள்வித்தாளில் எண்பத்து நான்கு கேள்விகள் உண்டு.

'கடந்த ஆறு திங்களில் தங்களுக்கு இயல்புக்கு மாறான குருதிப்போக்கு ஏற்பட்டதுண்டா?' என்கிறது தாள். வெற்றிச்செல்வி அதைப் பார்ப்பதே இல்லை. "தூரம் நின்னப்புறமும் ரத்தம் பட்டுச்சாக்கா?" என்பார். பதில் உடனே வரும், சில சமயம் கண்ணீரோடு.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு அம்மா உருக்கமாகக் கேட்டார், "ஒங்க குடும்பத்துல யாருக்கும் இந்த நோவு வந்துச்சாம்மா?" அன்று கூடப் போயிருந்த பத்திரிகைக்காரனான நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். "இல்லீங்க, சம்பளத்துக்குத்தான் வரேன்" என்றார் வெற்றிச்செல்வி. நல்ல கட்டுரைக்கான தொடக்கம் ஒன்று அங்கேயே போயிற்று.

விக்கிரமங்கலம் கொளஞ்சியம்மாளுக்கு முடிவு சரியில்லை என்று வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டுவைத்தால் ஆகக்கூடியது. வெற்றிச்செல்வி கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம். விதிப்படி அத்தோடு அவர் வேலை முடிந்தது. கடிதம் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் தாமாகவே சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று எண்ணுவதுதான் ஆராய்ச்சி. போகாதவர்களைப் 'போகவில்லை' என்று நேர்த்தியாகக் குறித்துக்கொள்வார்கள்.

கொளஞ்சியம்மாள் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விட்டார். வெற்றிச்செல்வி நான்கு முறை போனார். நான்காவது முறை ஜெராக்ஸுக்கு அனுப்பாமல், அவர் கணவர் செல்லப்பனையே எதிரில் உட்கார வைத்தார்.

"ஒடம்பு நல்லாத்தானே இருக்கு. இவ போயிட்டா மாட்ட யாரு பாக்குறது?" என்றார் செல்லப்பன்.

"மாட்டுக்குக் காச்சல்னா அன்னைக்கே டாக்டரக் கூட்டியாறீங்கல்ல? அவரு நம்பரக் குடுங்க. அக்காவையும் அவருகிட்டயே காட்டிருவோம்."

செல்லப்பன் நம்பரைத் தரவில்லை. "எத்தன மணி பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வெற்றிச்செல்வி லீவு போட்டுவிட்டு, கொளஞ்சியம்மாளைத் தானே அழைத்துப்போனார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். வரிசையில் நின்றார். உள்ளே போகும்போது கை விடாமல் பிடித்திருந்த கொளஞ்சியம்மாள், அரை மணி நேரத்தில் சிகிச்சை முடிந்து வெளியே வந்து, "இம்புட்டுதானா? இதுக்கா மூணு மாசமா செத்துச் செத்துப் பொழச்சேன்?" என்றார். சாயங்காலம் மாட்டைக் கறந்ததும் அவரேதான். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை.

ஆபீஸிலிருந்து மேற்பார்வையாளர் இளவரசன் போன் செய்தார். "லெட்டர் குடுத்தாச்சுன்னா நம்ம வேல முடிஞ்சுதுக்கா. நீங்க கூட்டிட்டுப் போனா ரிசல்ட்டே மாறிடும்."

"மாறட்டும் தம்பி. அதுக்குத்தானே இம்புட்டும்."

எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். 'அன்று எனக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் வேலை இருந்தது' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். அதன்பின் இன்னும் பல நாட்கள் அவருக்கு அந்த ஊரில் வேலை இருந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு பெண்.

வளரும் நாடுகளில் புற்றுநோய்ச் சிகிச்சையை மேம்படுத்துவது பற்றித் திருச்சியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு நடந்தது. களப்பணியாளர்களுக்குக் கடைசி வரிசை. நானும் அங்கேயே உட்கார்ந்தேன். திரையில் ஒரு பட்டை வரைபடம். மற்ற வட்டாரங்களின் பட்டைகள் முழங்கால் உயரம். ஒரு பட்டை மட்டும் தலைக்கு மேல். கடிதம் வாங்கிய இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். அது வெற்றிச்செல்வியின் வட்டாரம். சமூக ஒருங்கிணைவும் பண்பாட்டுக் காரணிகளும் இதற்குப் பின்னால் இருக்கலாம் என்றும், இதை அறிய மேலும் ஓர் ஆராய்ச்சி தேவை என்றும் பேச்சாளர் சொன்னார். அரங்கம் கைதட்டியது.

வெற்றிச்செல்வி என் பக்கம் சாய்ந்து, "அந்த ஒருங்கிணைவு நம்ம ஊருக்கு எந்த பஸ்ஸுல வருதுங்க?" என்றார்.

மறு வாரம் பூலாம்பாடிக்கு அவரோடு போனேன். அம்மாக்கண்ணு என்ற பெண், முற்றத்தில் சின்ன வெங்காயத்தைக் குவித்துக் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். கடிதம் வாங்கி இரண்டு மாதமாகியும் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தக் குமி முடியாம நான் எங்கயும் வர முடியாது" என்றார்.

வெற்றிச்செல்வி கேள்வித்தாளைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகி, தரையில் அமர்ந்து, குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.