தேதி தவறாத பொய்

இருபது வயதில் என் ஆஸ்துமா கட்டுக்குள் நிற்கவில்லை. தினமும் இரண்டு வேளை இன்ஹேலர் இழுத்து, நோட்டில் தேதிவாரியாக டிக் போடச் சொன்னார் டாக்டர். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த அறைத்தோழன் ஒருநாள், "ஏலே, கஞ்சாவா இழுக்க?" என்று சிரித்தான். வெட்கத்தில் அன்றோடு நிறுத்திவிட்டேன். டிக் மட்டும் தவறவில்லை.

அடுத்த முறை நோட்டைப் புரட்டிய டாக்டர், "ஒழுங்கா எடுத்தும் கேக்கலியே. இனி ஸ்டீராய்டு மாத்திரைதான். எலும்பு தேயும், வேற வழியில்ல" என்று சீட்டு எழுதினார்.

எங்கள் ஊரான நாசரேத்திலிருந்து வந்திருந்த அம்மா, "தேதி போட்டு எழுதுனா இவன் பொய் எழுதமாட்டான் சார்" என்றாள்.

"எல்லாம் பொய் டிக், சார்" என்றேன்.

டாக்டர் சீட்டைக் கிழித்தார். ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா, துறைமுகத்து நிலக்கரித் தூசி வருமென்று என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் கூசியிருக்காது.